பேச்சுக்கும் கூலி உண்டா?

வட்டக்கோட்டைப் பக்கம் வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுக்கும் பெண்கள் என்னைப்போல் பலர். தையல் கூலி கேட்க நமக்குத் தயக்கமில்லை. அளவு, பேச்சு, அலைச்சல், பிரித்துத் தைப்பது என்று வரும்போதுதான் வாய் அடைத்துப்போகிறது. "ஒரு கொக்கி மாத்துனதுக்கா துட்டு, மைனி?" என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

கணக்குப் பாருங்கள், சகோதரிகளே. நாளைக்கு ஆறு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றால் ஒரு மணி நேரம் போச்சு! மேல்நாட்டு வக்கீல்கள் பலர் ஆறு ஆறு நிமிஷமாகக் கணக்கெழுதிப் பணம் வாங்குகிறார்கள். போனில் பேசினாலும் கட்டணம்தான். நம் வாசலில் நிற்பவள் அண்டை வீட்டுக்காரி. அது நமக்கு ஒத்துவராது. அதற்காக எல்லாமே இலவசமா?

நான் கடைப்பிடிக்கும் முறை இது:

1. அளவெடுப்பது, கழுத்து, கை பற்றிப் பேசுவது, செல்போனில் வரும் படத்தைப் பார்த்துச் சொல்வது - இவற்றுக்குத் தனிக் காசு இல்லை. பேச்சு சரியாக இருந்தால்தானே தையல் சரியாக வரும்? கூலியை நிர்ணயிக்கும்போதே இந்த நேரத்தையும் சேர்த்துவிடுங்கள்.

2. தையலில் குறை என்றால் திருத்தம் இலவசம். முகம் சுளிக்கக் கூடாது.

3. துணி வெட்டிய பிறகு, "வட்டக் கழுத்து வேண்டாம், பானைக் கழுத்து வை" என்றால் கூலி உண்டு. உடம்பு பெருத்துப் பிரிக்கச் சொன்னாலும் அப்படியே.

4. லைனிங் துணி, கொக்கி வாங்க அஞ்சுகிராமம் போய்வந்தால், பொருளின் விலையோடு அலைச்சலுக்கும் ஒரு சிறு தொகை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் நமக்கு டிக்கெட் இல்லைதான். நேரம் போகிறதே!

5. பிள்ளை பெற்று வந்தவள் பிரிக்கச் சொன்னால் நான் வாங்குவதில்லை. ஆனால் நோட்டில், "கூலி 40, தள்ளுபடி 40" என்று அவள் பார்க்கவே எழுதுவேன். செய்தது உதவி என்று இருவருக்கும் தெரியும். அடுத்த தடவை கூலி கேட்கவும் கூச்சமிருக்காது.

இதையெல்லாம் கத்தரிக்கோல் துணியில் படுமுன்பே சொல்லிவிட வேண்டும். தைத்துக் கொடுக்கும்போது சொன்னால் மனஸ்தாபம்தான். என் மகளின் காலேஜ் செலவு இந்தக் காசில்தான் நடக்கிறது, சொல்லாமல் முடியுமா?

1972-ல் அகமதாபாத்தில் இளா பட் 'சேவா' சங்கத்தைத் தொடங்கியபோது, முதலாளி இல்லாதவர்களுக்கு ஏது தொழிற்சங்கம் என்று பதிவு செய்யவே தயங்கினார்கள். இன்று தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கென்றே நல வாரியம் இருக்கிறது. வீட்டில் தைக்கும் சகோதரிகளும் அதில் பதிந்துகொள்ள விசாரியுங்கள்.