மோட்டார் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகுமா?

மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் 'வி.எப்.டி.' என்ற பெட்டியைப் பற்றி இப்போது கிணற்றுப் பாசன விவசாயிகளிடம் பேச்சு அடிபடுகிறது. இதைப் பொருத்தினால் மின்சாரம் பாதியாகக் குறையும் என்கிறார்கள். சில கிணறுகளுக்கு இது மெய். பல கிணறுகளுக்கு இது வீண் செலவு. நம் கிணறு எந்த ரகம் என்று பார்த்த பிறகே சிறு விவசாயி இதில் பணத்தைப் போட வேண்டும்.

நமக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதில் சாதாரண பம்ப்செட் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,880 சுற்று ஓடும். பெட்டியைக் கொண்டு 50-ஐ 40 ஆக்கினால் வேகம் ஐந்தில் நான்கு பங்காகும். மேட்டுக்கு ஏற்றும் வேலை இல்லாத இடத்தில் தண்ணீரும் அதே அளவே குறையும். ஆனால் மின்சாரச் செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். நீச்சல் குளத்துப் பம்பில் இது அப்படியே பலிக்கும். அங்கே தண்ணீர் வடிகட்டி வழியாகச் சுற்றி மீண்டும் குளத்துக்கே வருகிறது.

நம் கிணற்றில் தண்ணீர் ஆழத்திலிருந்து மேலே ஏறியாக வேண்டும். வேகம் குறைந்தால் பம்ப் தூக்கும் உயரமும் குறையும். முழு வேகத்தில் அதிகபட்சம் 40 மீட்டர் தூக்கும் பம்ப், 40 சுழற்சியில் 25.6 மீட்டர்தான் தூக்கும். நீர்மட்டத்திலிருந்து வயல் 26 மீட்டர் உயரம் என்றால் மோட்டார் ஓடும்; சொட்டுத் தண்ணீர் வராது. பம்ப் சூடாவதுதான் மிச்சம்.

அப்படியானால் யாருக்குப் பயன்? சொட்டுநீர்ப் பாசனம் செய்பவர்களுக்கு முதலில். ஒரு மடை பெரியது, ஒரு மடை சிறியது. சிறிய மடைக்குத் தண்ணீர் விடும்போது கேட் வால்வைப் பாதி மூடுகிறோம். அல்லது மிஞ்சும் தண்ணீரைத் திரும்பக் கிணற்றிலேயே விடுகிறோம். ஏற்றிய தண்ணீரைக் கிணற்றிலேயே கொட்டுவது மின்சாரத்தைக் கொட்டுவதுதான். இங்கே வேகத்தைக் குறைப்பது நியாயம். அடுத்து, ஊற்று குறைந்த கிணறு உள்ளவர்கள். அரை மணியில் கிணற்றை வற்ற இறைத்து, ஊறும்வரை காத்திருப்பதைவிட, ஊற்றுக்கு ஏற்ற வேகத்தில் நிதானமாக இறைப்பது நல்லது. அந்த வேகத்தில் தண்ணீர் மேலே ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மின்சாரம் இலவசம்தானே, மிச்சம் பிடித்து எனக்கு என்ன லாபம்?" என்று கேட்கலாம். தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்ப் பழுதானால், காயில் எரிந்தால், செலவு நம்முடையது. மும்முனை மின்சாரம் இருக்கும் சில மணி நேரத்தில் எத்தனை செடிக்குத் தண்ணீர் பாய்ந்தது என்பதே நம் கணக்கு. அந்தக் கணக்கு, பம்ப்செட் ஒழுங்காக இருந்தால்தான் கூடும்.

எனவே பெட்டிக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் விநாடிக்கு 5 லிட்டர். இதைக் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். கிணற்று நீர்மட்டம் இறங்காமலே தண்ணீர் குறைந்தால், புட்வால்வில் அடைப்பா, உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறதா, உள்ளே சுழலும் இம்பெல்லர் தேய்ந்ததா என்று பாருங்கள். மேலே வைத்த பம்ப் நீர்மட்டத்துக்கு 6, 7 மீட்டருக்கு மேல் இருந்தால் கீழே இறக்குங்கள். 2 அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக மாற்றினால், அதே தண்ணீருக்கு உராய்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். தண்ணீர் விழும் வாய்க்குழாயைத் தொட்டிக்கு மேலே தேவையின்றித் தூக்கி வைக்காதீர்கள்; அந்த உயரத்துக்கும் மின்சாரம் செலவாகிறது.

இதெல்லாம் செய்த பிறகும் பெட்டி வேண்டும் என்றால், சில எச்சரிக்கைகள். மோட்டார் மும்முனை மோட்டாராக இருக்க வேண்டும். கெப்பாசிட்டர் வைத்த சாதாரண ஒருமுனை மோட்டாருக்கு இது ஒத்து வராது. நீர்மூழ்கி மோட்டாரை 30 சுழற்சிக்குக் கீழே ஓட்டக் கூடாது. அதன் பேரிங் கெடும். ஆழமான போரில் கேபிள் நீளம் கூடும்போது, மோட்டார் காயிலைக் காக்கப் பெட்டிக்கு அடுத்து பில்டர் தேவைப்படும்; விலை பேசும்போதே இதையும் கேளுங்கள். சூரிய சக்தி பம்ப்செட் வைத்திருப்பவர்கள் தனியாக வாங்க வேண்டியதில்லை. வெயிலுக்குத் தக்கபடி வேகத்தை மாற்றும் வேலையை அதன் கண்ட்ரோலரே செய்கிறது.

நீர்மட்டம் எவ்வளவு, குழாய் எத்தனை அங்குலம், எத்தனை மடை என்று கேட்காமல் "பாதி மிச்சம்" என்று சொல்பவரிடம் பெட்டி வாங்காதீர்கள். கிணற்றைப் பார்க்காதவர் சொல்லும் கணக்கு நம் கிணற்றுக்கு ஆகாது.