நிறம் போனால் போதுமா?

பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக் கழிவின் தேக்கமாக மாறியது நாடறிந்த கொடுமை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற விதிக்கு உயிர் வந்தது.

இப்போது அந்தக் கழிவுநீரின் சாயத்தைப் போக்க ஆய்வுக்கூடங்கள் ஒளியூக்கி முறையைப் பரிந்துரைக்கின்றன. வெள்ளைப் பெயின்டில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு தூள்தான் இதில் பெரும்பாலும் ஊக்கி. புற ஊதாக் கதிர் பட்டதும் அது நீரில் ஹைட்ராக்சில் என்னும் வீரியமிக்க துகள்களை உண்டாக்குகிறது. நுண்ணுயிர்களுக்கு எளிதில் மசியாத அசோ சாயங்களின் பிணைப்பை அவை அறுத்தெறிகின்றன. சாயம் சேறாகப் படியாமல் சிதைந்தே போகிறது. வரவேற்க வேண்டிய முறைதான்.

ஆனால், வெயிலில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதமே. அடர்ந்த சாயநீருக்குள் ஒளி இறங்காது. தூளைப் பிரித்தெடுப்பதும் சிரமம். எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பை இது தொடவே தொடாது. துணியில் சாயம் ஏறுவதற்காகக் கொட்டும் அந்த உப்புதான் நொய்யல் கரை வயல்களைப் பாழாக்கியது. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரல்ல.

ஆகவே, உயிரியல் சுத்திகரிப்புக்கும் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டலுக்கும் நடுவே, எஞ்சிய நிறத்தைப் போக்கும் கட்டமாக இதைச் சோதிக்கலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில், பட்டறைக் கழிவுநீரைக் கொண்டே ஓராண்டு முன்னோட்டம் நடத்த அரசு நிதி ஒதுக்க வேண்டும். செலவு, சிதைந்த சாயத்தின் நச்சுத்தன்மை உட்பட எல்லா முடிவுகளையும் நொய்யல் விவசாயிகளின் பார்வைக்கு வைக்க வேண்டும்.