காடு பொதுவென்று யார் சொன்னது?

சித்தப்பா மகன் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். இந்தச் சனவரி முதல் தேதி ஒரு படம் அனுப்பியிருந்தான். முழங்கால் வரைக்கும் பனி. இலை கொட்டிப்போன மரங்கள். தலையில் கம்பளிக் குல்லா, கையில் ஊன்றுகோல், சுற்றிலும் முப்பது நாற்பது வெள்ளைக்காரர்கள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: “இங்க காடு பொதுக்கா. நீ எந்தத் தெருன்னு ஒருத்தனும் கேக்கல.”

அந்தப் படத்தை எங்கள் வாசகர் வட்டத்தில் காட்டினேன். மூத்த தோழர் ஒருவர் எகத்தாளமாகச் சிரித்தார். “கூலிக்கே வழியக் காணோம். பனியில நடக்கறதெல்லாம் ஒரு சேதியா?” என்றார். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர், “அங்கல்லாம் இயற்கை எல்லாருக்கும் ஒண்ணுதான். இங்கதான் ஏரிக்கும் சாதி, சுடுகாட்டுக்கும் சாதி” என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். ஸ்டேட் பார்க் என்றால் நம்மூர் நகராட்சிப் பூங்கா மாதிரி நாலு ஊஞ்சலும் ஒரு சிலையும் இல்லை. மலை, ஏரி, கடற்கரை, காடு என்று மாநில அரசு பொதுமக்களுக்காக வைத்திருக்கும் நிலம். குளிர்காலம் வந்தால் அங்கே பனிச்செருப்பு கட்டி நடப்பார்கள். உறைந்துபோன ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். பறவைகளைக் கணக்கெடுப்பார்கள், கிறிஸ்துமஸ் காலத்துப் பறவைக் கணக்கெடுப்பு 1900-இலிருந்தே நடக்கிறது. சனவரி முதல் தேதி ‘முதல் நாள் நடை’. 1992-இல் பாஸ்டன் நகரத்துக்குத் தெற்கே உள்ள புளூ ஹில்ஸ் காட்டில்தான் இது தொடங்கியது. 2012-இல் ஐம்பது மாநிலங்களுக்கும் பரவியது. தம்பி நடந்தது அதே புளூ ஹில்ஸ். நல்ல காரியம்தான். காசு இருப்பவன் மட்டுமே காற்று வாங்க முடியும் என்றில்லாமல், அரசாங்கமே சனங்களைக் கூப்பிட்டு மலையைக் காட்டுவது நல்ல காரியம். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை ‘பொது’ என்ற சொல்லில்தான். இந்தச் சொல்லை நமக்குத் தெரியாதா? பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொதுக் கோயில் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். ‘பொது’ என்று எழுதின பலகைக்குப் பின்னால் யார் நிற்கிறான் என்று பார்க்காமல் நாம் எதையும் நம்பக்கூடாது.

புளூ ஹில்ஸில் உயரமான குன்று 635 அடி. மாசசூசெட் என்ற பூர்வகுடிச் சொல்லுக்கே ‘பெரிய குன்றின் பக்கம்’ என்றுதான் பொருள். அந்தக் குன்றுதான் அந்தச் சனங்களுக்குப் பெயர் கொடுத்தது. அவர்கள் பெயரை மாநிலம் எடுத்துக்கொண்டது. குன்றையும் எடுத்துக்கொண்டது. சனங்கள் எங்கே? 1675-இல் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் போர் மூண்டபோது, போரில் சேராத, கிறிஸ்தவத்தைத் தழுவி தனி ஊர்களில் இருந்த பூர்வகுடிகளைப் பிடித்துக்கொண்டுபோய் பாஸ்டன் துறைமுகத்தில் இருக்கும் மான் தீவில் அடைத்தார்கள். குளிர்காலம். சோறு இல்லை, விறகு இல்லை, போர்த்திக்கொள்ளத் துணி இல்லை. நூற்றுக்கணக்கானோர் பட்டினியிலும் குளிரிலும் செத்தார்கள். சாமியை மாற்றிக்கொண்டாலும் ஆண்டைக்கு நாம் யார் என்பது மாறாது என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே 1675-இல் பூர்வகுடிகள் பாஸ்டனுக்குள் நுழையத் தடை போட்டுச் சட்டம் வந்தது. அதை ரத்து செய்தது 2005-இல். முந்நூற்று முப்பது வருஷம் ஏட்டில் கிடந்தது அந்தச் சட்டம். முதல் நாள் நடை தொடங்கின 1992-இலும் அது ஏட்டில்தான் இருந்தது.

இதுவும் குளிர்கால நிகழ்ச்சிதான். எந்த நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள்?

அடுத்து, இந்தப் பூங்காக்களைக் கட்டியது யார்? 1933-இல் பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது, ரூஸ்வெல்ட் அரசு வேலையில்லாத இளைஞர்களைச் சேர்த்து ஒரு பாதுகாப்புப் படை அமைத்தது. 1942 வரை அவர்கள்தான் நாடு முழுக்கப் பாதை வெட்டினார்கள், மரம் நட்டார்கள், கல்வீடு கட்டினார்கள், ஏரி தோண்டினார்கள். இன்றைக்குப் பனியில் நடந்து களைத்தவர்கள் உட்கார்ந்து கை காய்ச்சிக்கொள்ளும் கணப்படுப்பு வைத்த கொட்டகைகளில் பல அவர்கள் கட்டியவை. இனம், நிறம், மதம் பார்த்து ஒதுக்கக்கூடாது என்று அந்தப் படையின் சட்டத்திலேயே எழுதியிருந்தது. எழுதி வைத்தவர் கருப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஆஸ்கர் டி பிரீஸ்ட். எழுத்தில் இருந்தது. நடப்பில்? 1935 முதல் கருப்பர்களுக்கு முகாம் தனி. தெற்கு மாநிலங்களில் கருப்பு இளைஞர்கள் வேர்வை சிந்திக் கட்டின பூங்காக்களுக்குள் அவர்கள் தாயும் தங்கையும் காலெடுத்து வைக்க முடியாது. கோபுரம் கட்டக் கல் சுமந்தவன் வாசலுக்கு வெளியே நின்ற கதை அங்கேயும் அதேதான்.

கேட்டால், தனியாக ஒன்று தந்தார்கள். வடக்கு கரோலினாவில் 1939-இல் ஜோன்ஸ் ஏரி. டென்னசியில், மெம்பிஸ் பக்கத்தில், கருப்பர் முகாம் ஆட்களே கட்டிய பூங்கா. இன்றைக்கு அது டி. ஓ. ஃபுல்லர் பெயரில் இருக்கிறது. அங்கே 1940-இல் நீச்சல் குளத்துக்குத் தோண்டும்போது பழைய பூர்வகுடி ஊர் ஒன்றே மண்ணுக்கடியிலிருந்து கிளம்பியது. விரட்டப்பட்டவனின் ஊர்மேல், ஒதுக்கப்பட்டவனுக்குப் பூங்கா! வர்ஜீனியாவில் 1948-இல் மேசியோ மார்ட்டின் என்ற கருப்பர், ஒரு வங்கியாளர், ஸ்டான்டன் ரிவர் மாநிலப் பூங்காவுக்குள் விடவில்லை என்று வழக்குப் போட்டார். அரசு கதவைத் திறக்கவில்லை. 1950-இல் இன்னொரு கதவை வைத்தது: ‘நீக்ரோக்களுக்கான பிரின்ஸ் எட்வர்ட் மாநிலப் பூங்கா’. ஊர்க் கிணற்றில் உரிமை கேட்டால் சேரிக்குத் தனியாக ஒரு அடிபம்பு போட்டுத் தருவானே, அது மாதிரி.

1955-இல் உச்ச நீதிமன்றம் பொதுக் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் பிரித்து வைப்பது செல்லாது என்ற கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை உறுதி செய்தது. பால்டிமோர் வழக்கு அது. அப்புறம் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. தெற்கு கரோலினாவில் எடிஸ்டோ கடற்கரைப் பூங்காவில் நுழையக் கருப்பர்கள் வழக்குப் போட்டார்கள். 1956-இல் அரசு அந்தப் பூங்காவையே மூடியது. இன்னொரு வழக்கில் 1963-இல் எல்லாப் பூங்காவும் எல்லாருக்கும் என்று கோர்ட்டு சொன்னது. உடனே மாநிலத்தில் உள்ள அத்தனை மாநிலப் பூங்காவையும் இழுத்து மூடினார்கள். எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உனக்குக் கிடைக்கக்கூடாது! 1964-இல் திறந்தார்கள். எப்படி? நடக்கலாம், உட்காரலாம். நீச்சல் கிடையாது, குடிலில் தங்கவும் கிடையாது. முழுசாகத் திறக்க 1966 ஆனது.

மண்ணை விட்டுக்கொடுத்தவன் தண்ணீரையும் படுக்கையையும் விட்டுக்கொடுக்கவில்லை. இது நமக்குப் புரியும். அமெரிக்கப் பேராசிரியர்கள் புத்தகம் போட்டு விளக்க வேண்டியதில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கி ஒரு கை தண்ணீர் குடித்தார். அந்தக் குளத்தை எல்லாருக்கும் பொது என்று நகராட்சி மூன்று வருஷம் முன்பே தீர்மானம் போட்டிருந்தது. சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? 108 குடம் பாலும் தயிரும் சாணமும் மூத்திரமும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். கோர்ட்டில் வழக்கு முடிய 1937 ஆனது. அங்கே பூட்டு, இங்கே சாணி. வேறென்ன வித்தியாசம்? 1946-இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார் என்றால் சும்மா எழுதவில்லை.

இப்போது மூத்த தோழருக்கு. கூலிதான் முதல், பனியில் நடப்பதெல்லாம் மேட்டுக்குடிக்காரன் பொழுதுபோக்கு என்கிறீர்கள். தோழர், மகாத்தில் வேறு தண்ணீரே கிடைக்காமலா இறங்கினார்கள்? எடிஸ்டோவுக்கு வழக்குப் போட்டவர்களுக்கு வயிற்றுப்பாடு இல்லையா? அடிமை என்பவன் யார்? வேலை நேரம் மட்டும் உள்ளவன். ஓய்வு நேரம் என்று ஒன்று தனக்கு இருக்கிறது என்று அவன் சொல்லும் நாளில்தான் ஆண்டைக்கு வயிறு எரிகிறது. பனிக்காலம் என்றால் நம்ம அம்மாக்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? மார்கழி விடியலில் சேற்றில் இறங்கி நாற்றுப் பறிக்கையில் கால் மரத்துப்போனதுதானே? பனியை ரசிப்பவன் ஒருத்தன், பனியில் நிற்பவள் ஒருத்தி என்று யார் பிரித்தது? அந்தப் பிரிவினையை நாமே ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? மெம்பிஸ் நகரம்கூடப் பூங்காக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறோம், அவகாசம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டது. 1963-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நம்ம தோழரே நமக்கு அவகாசம் சொல்லலாமா?

சனவரி முதல் தேதிக்கும் வருவோம். முதல் நாள் நடைக்கு அந்தத் தேதியைப் புத்தாண்டு என்பதால் வைத்தார்கள். கருப்பர்களுக்கு அந்தத் தேதி வேறு. அடிமைக் காலத்தில் சனவரி 1, அடிமைகளை வருஷ வாடகைக்கு விடும் நாள். தாய் ஒரு பண்ணைக்கு, பிள்ளை ஒரு பண்ணைக்கு. ‘நெஞ்சு உடையும் நாள்’ என்றே அதற்குப் பெயர். அதே சனவரி 1-இல்தான் 1863-இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. நமக்கும் அந்தத் தேதி உண்டு. 1818 சனவரி 1 பீமா கோரேகான் போர். 1927 சனவரி 1 அம்பேத்கர் அந்தத் தூணுக்குப் போனார். அன்றிலிருந்து வருஷா வருஷம் குளிரில் சனங்கள் அங்கே நடக்கிறார்கள். அதுவும் முதல் நாள் நடைதான். 2018-இல் அப்படி நடந்தவர்கள் மேல் கல் விழுந்தது. ஒருத்தன் நடந்தால் உடற்பயிற்சி, இன்னொருத்தன் நடந்தால் கலவரமா?

மாணவத் தம்பி கேட்பார்: “அதெல்லாம் பழைய கதை, இப்பத்தான் யாரையும் தடுக்கலயே?” 1973-இல் கருப்பினப் பனிச்சறுக்குக் குழுக்கள் பதின்மூன்று சேர்ந்து ஆஸ்பென் மலையில் முதல் தடவையாகக் கூடின. பனியில் சறுக்க வந்தவர்களைக் கண்டு பயந்து அரசு படையைத் தயார் நிலையில் வைத்தது என்று அவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். 2009-இல் ‘அவுட்டோர் ஆஃப்ரோ’ என்ற அமைப்பு தொடங்கியது, கருப்பர்களைக் காட்டுக்கும் மலைக்கும் கூட்டிப்போக. எல்லாம் பொது என்றால் தனி அமைப்பு எதற்கு? 2020 பிப்ரவரியில் ஜார்ஜியாவில் அஹ்மத் ஆர்பெரி என்ற 25 வயசுப் பையன் பட்டப்பகலில் ஓட்டப்பயிற்சி போனான். துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். திறந்த வெளியில் கருப்பு உடம்பு ஓடினால் திருடன்! ‘அவங்களுக்குக் குளிர் ஒத்துக்காது, காடு பிடிக்காது’ என்று இதற்கப்புறமும் சொல்பவனை என்ன சொல்ல?

மாற்றம் இல்லாமல் இல்லை. 2021-இல் கலிபோர்னியாவில் பேட்ரிக்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவுக்கு யூரோக் சனங்கள் வைத்த பழைய பெயரையே திரும்ப வைத்தார்கள்: சூ-மெக். கேட்டு வாங்கியது அது. தானாக வரவில்லை.

கடைசியாக என் தம்பிக்கு. படம் அனுப்பின அன்றைக்கு இராத்திரி அவன் போன் பண்ணினான். “நம்ம ஊர் ஆளுங்க சங்கம் ஒண்ணு இருக்கில்ல? அவங்களோட போயிருக்கலாமே, தனியாவா போன?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. போன வருஷம் அவர்களோடு ஒரு பூங்காவுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனானாம். சாப்பிடும்போது ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: “தம்பி ஊர்ல எந்தப் பக்கம்?” இவன் பக்கத்து டவுன் பேரைச் சொல்லித் தப்பித்திருக்கிறான். அன்றோடு அவர்கள் பக்கம் போகவில்லை. “வெள்ளக்காரனுக்கு நம்ம தெரு தெரியாதுக்கா, அதான் நிம்மதி” என்றான்.

ஒருத்தனும் கேட்கவில்லை என்று அவன் எழுதினதற்கு இதுதான் அர்த்தம். கேட்பவன் அன்றைக்கு அங்கே இல்லை, அவ்வளவுதான். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே வருஷம் கலிபோர்னியா சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் மறுத்துவிட்டார். ஆக, சண்டை அந்தக் காட்டுக்குள்ளும் வந்தாயிற்று.

போ தம்பி. அடுத்த சனவரி முதல் தேதியும் போ, பனி மிதித்து நட, குன்றின் உச்சிக்கு ஏறு. அது உன் உரிமை. ஆனால் ‘காடு பொது’ என்று எழுதாதே. மான் தீவில் விறைத்துச் செத்தவர்களும், கல்வீடு கட்டிவிட்டு வெளியே நின்றவர்களும், கோர்ட்டுப் படியேறியவர்களும் இருக்கிறார்கள். ‘பொதுவாக்கினாங்க’ என்று எழுது. நம்ம ஊர் ஏரிக்கரையை இன்னும் ஆக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுது.