செக்ரோல் கணினிக்குப் போனது, கணக்கு யார் கையில்?

பேர் விழுந்ததா, அரைப் பேரா என்று மாலையில் கேட்டுத் தெரிந்துகொண்டு வீடு திரும்பியவர்கள் நம் பெரியவர்கள். கணக்கப்பிள்ளை பேரை வெட்டினால் அவர் முன்னால் நின்று வாதாட முடிந்தது. இன்று அந்த வேலையைக் கணினியிலுள்ள எக்செல் தாள் செய்கிறது. வந்த நேரம் ஒரு கட்டத்தில், போன நேரம் அடுத்த கட்டத்தில், மூன்றாவது கட்டத்தில் ஒரு சூத்திரம். எத்தனை மணித்தியாலத்துக்குச் சம்பளம் என்று முடிவுசெய்வது அந்தச் சூத்திரம்தான். "கம்பியூட்டர் பிழை விடாது" என்கிறார்கள். சொன்னதை அது பிழையில்லாமல் செய்யும், சரி. சொல்லிக்கொடுத்தது யார்?

உச்சமுனையிலிருந்து படகில் களப்பைக் கடந்து தென்னந்தோட்ட வேலைக்குப் போகும் நம் தோழர்களின் கணக்கைப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் படகு பிந்தும். காலை 6.36க்குக் கையொப்பமிட்டால், நாம் பார்த்த ஒரு தாளில் சூத்திரம் அதை 6.45 என்று எடுக்கிறது. பிற்பகல் 3.12க்கு வேலை முடிந்தால் 3.00 என்று எடுக்கிறது. கால் மணிக் கணக்காம். வரும்போது மேலே தூக்குகிறது, போகும்போது கீழே இறக்குகிறது, இரண்டு பக்கமும் தோட்டத்துக்கே லாபம். நாளொன்றுக்கு 21 நிமிடம் போகிறது. 26 நாளைக்கு 9 மணித்தியாலமும் 6 நிமிடமும். மாதத்தில் ஒரு முழுநாளுக்கு மேல் இனாமாக உழைக்கிறோம். யாரையும் கேட்டால், "சூத்திரம் அப்படி" என்று பதில்.

இரவுக் காவலர் பாடு வேறு. மாலை 6 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறார். போன நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் கணினிக்கு மறை எண் வரும், கட்டம் முழுக்க வெறும் குறிகள் தெரியும். உடனே கையால் 8 என்று தட்டிவிடுகிறார்கள். நள்ளிரவைத் தாண்டினால் ஒரு நாளைக் கூட்டு என்று சூத்திரத்தில் சேர்த்தால் 12 மணித்தியாலம் சரியாக வரும். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்றும் உண்டு. எக்செல் ஒரு நாளை 1 என்று வைத்துக்கொள்கிறது. கட்டத்தை மாற்றி அமைக்காவிட்டால், கிழமைக்கு 48 மணித்தியாலம் உழைத்தவருக்கு மொத்தம் 0 என்று காட்டும். அதை எழுத்தரே கண்டு திருத்திவிடுவார். பெரிய பிழை கண்ணில் படும், 21 நிமிடம் படாது. (எழுத்தரோடு நமக்குப் பகை இல்லை. அவருக்கும் அந்தத் தாளை யாரோ கொடுத்ததுதான்.)

மணித்தியாலம் குறைந்து அரைப் பேரானால் அன்றைய கூலி மட்டும் போவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் கட்டும் 8 வீதமும் தோட்டம் கட்டும் 12 வீதமும் சேர்ந்தே குறைகின்றன.

தொழில்தருநர் சம்பளப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், தொழில் அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும் என்று 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பதிவேடு எக்செல் தாளாகிவிட்டால் சூத்திரமும் பதிவேட்டின் பகுதிதான் என்பது நம் வாதம். அதைச் சங்கத்துக்குக் காட்ட வேண்டும். நிமிடத்தை நிமிடமாகவே கணக்கிட வேண்டும். சம்பளச் சீட்டில் வந்த நேரமும் போன நேரமும் தமிழில் இருக்க வேண்டும்.

அதுவரை ஆளுக்கொரு கொப்பியில் தினமும் இரண்டு நேரத்தையும் குறித்து வையுங்கள். சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகளுக்கு விரிதாள் பாடத்திலேயே இருக்கிறது. சம்பள நாளன்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். சீட்டும் கொப்பியும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் எடுத்துக்கொண்டு தோட்டத் தலைவரிடம் வாருங்கள்.