கண் திறவாத குட்டி

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நம்மவர் கேட்பதுண்டு. ஆயின், பிறந்து கண் திறவாத பூனைக்குட்டி ஒன்றுக்குத் தாயை இழந்த அக்கணமே பூலோகம் இருண்டுதான் போகின்றது. ஏறக்குறைய 100 கிராம் நிறையே உள்ள அச்சிற்றுயிர் காணாது; கேளாது; தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் அதனால் இயலாது.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, பூனை இல்லாத ஊரைக் காண்பது அரிது. விறகடுக்கிலும், வைக்கோற் போரிலும், கரையில் ஏற்றி வைத்த தோணியின் மறைவிலும் அது குட்டி ஈனுகின்றது. மாரி மழையில் வெள்ளம் ஏறினாலோ, தெருவில் வாகனத்தில் அடிபட்டுத் தாய் இறந்தாலோ, குட்டிகள் அநாதைகளாகின்றன. பிள்ளைகள் ஒன்றை ஏந்தி வருவர். வீட்டார் உடனே பசுப்பாலை ஊற்றுவர். இரக்கத்தால் விளையும் இந்த அவசரமே பல குட்டிகளின் உயிருக்கு உலையாகின்றது.

முதலில் அறிய வேண்டியது, குட்டி உண்மையில் அநாதைதானா என்பதே. தாய்ப்பூனை இரை தேடிச் சில மணி நேரம் அகன்றிருக்கக்கூடும். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கௌவி வேறிடம் மாற்றிக்கொண்டிருக்கவும் கூடும். குட்டிகள் வயிறு நிறைந்து, சூடாக, அமைதியாக உறங்கினால், தொடாது தூர நின்று பார்ப்பதே அறிவுடைமை. உடல் குளிர்ந்து, ஓயாது கத்தினால் மட்டுமே நாம் தலையிட வேண்டும். வெள்ளம் ஏறும் வேளையிலோ காத்திருத்தல் ஆகாது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் பெருவெள்ளத்தைக் கண்ட மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எடுத்த குட்டிக்கு முதற்றேவை பால் அன்று, சூடே. குளிர்ந்த உடலில் இரைப்பை இயங்காது. அந்நிலையிற் புகட்டும் பால் செரியாது கெடும். கடதாசிப் பெட்டியில் பழந்துணி விரித்து, வெந்நீர் நிறைத்த போத்தலைத் துவாயினாற் சுற்றி ஒரு புறம் வைக்க வேண்டும். மறுபுறம் வெறுமையாக இருக்கட்டும். சூடு மிகுந்தால் குட்டி அங்கே ஊர்ந்து செல்லும்.

அடுத்தது பால். பூனைப்பாலில் உள்ள புரதம் பசுப்பாலில் உள்ளதைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். பசுப்பாலில் உள்ள பாற்சர்க்கரையோ குட்டியின் குடலுக்கு ஒவ்வாது வயிற்றோட்டத்தை உண்டாக்கும். நீர் கலந்தால் சத்து மேலும் குறையும். ஆதலின், பூனைக்குட்டிகளுக்கென்றே செய்யப்படும் பால்மாவைப் பற்றி மிருக வைத்தியரிடம் கேட்டறிவதே நன்று. அயலில் பால் கொடுக்கும் பூனை இருந்து, அது குட்டியை ஏற்றுக்கொண்டால், அதனினும் சிறந்த வழி வேறில்லை.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, இரவிலும், பாலூட்டல் வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பாலூட்டுதல் பெருந்தவறு. பால் சுவாசப்பையிற் புகுந்துவிடும். தாயிடம் குடிப்பது போல வயிறு கீழிருக்கக் குப்புற வைத்து, ஊசியற்ற சிறு மருந்துக்குழாயாலேனும் குட்டிகளுக்கான பாற்போத்தலாலேனும் துளித்துளியாகப் புகட்டுக. பின்னர், இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சினால் அதன் அடிப்புறத்தை மெல்ல வருட வேண்டும். தாய் நாவால் நக்குவதும் இதற்கே. இவ்வாறு தூண்டாவிடின் முதன் மூன்று வாரங்களில் குட்டியால் மலசலம் கழிக்க முடியாது.

மாணவர்களே, உங்களுக்கும் இங்கே ஒரு பணி உண்டு. சிறு தராசில் நாள்தோறும் குட்டியை நிறுத்துக் கொப்பியிற் குறித்து வாருங்கள். நாளொன்றுக்கு 10 கிராமளவேனும் கூடுதல் நற்குறி. நிறை குறைந்தாலோ, குட்டி பால் குடிக்க மறுத்தாலோ, தாமதியாது மிருக வைத்தியரை நாடுங்கள். ஒரு வாரம் முதல் இரு வாரத்துள் கண் திறக்கும். நான்காம் வாரமளவில் மெல்லிய உணவு பழக்கலாம்.

எச்சரிக்கை இரண்டு உண்டு. தெருப்பூனை கடித்தாலும் கீறினாலும் உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும், விசர்நோய் விளையாட்டன்று. மற்றையது, சதுப்பிலோ கண்டற் காட்டிலோ காணும் புள்ளிக்குட்டி, இலங்கையின் ஈரநிலங்களில் வாழும் மீன்பிடிப் பூனையின் குட்டியாக இருக்கலாம். சட்டம் காக்கும் உயிர் அது. அதனை வீட்டுக்குக் கொணராது, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை.

எத்துணை கண்விழித்துப் பேணினும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. தாயின் முதற்பாலில் வரும் நோயெதிர்ப்பு ஆற்றலை நாம் ஊட்டும் பால் முற்றாக ஈடு செய்யாது. பெற்றோர் இதனை முன்னரே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நலம். குட்டி இறந்தால், "நீ கவனிக்காததால் போயிற்று" என்னும் சொல் வீட்டில் எழலாகாது. நள்ளிரவில் எழுந்து, ஒரு சிற்றுயிருக்குச் சூடு தந்த பிள்ளையின் கைகள் வீண்போன கைகள் அல்ல. பிழைத்தாலோ, ஒரு நாட் காலை அது கண் திறந்து முதன்முதலாக இவ்வுலகை நோக்கும். அதன் எதிரே அப்பிள்ளையின் முகம் இருக்கும்.