கர்ப்பத்திற்குக் கூலிக் குறைப்பா?

தாய்மையைப் போற்றாத தேசமே உலகத்தில் இல்லையென்பதாகச் சொல்லுகிறார்கள். இருக்கலாம். ஆனால் போற்றுகிறவர்கள் தங்கள் மடியிலிருந்து காசு எடுக்க வேண்டிய சமயம் வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதற்கு, அமெரிக்க தேசத்து ஓட்டக்காரியான அலிசன் பெலிக்ஸ் அம்மையாரின் சங்கதி ஒன்றே போதிய ருஜுவாகும் என்று நாம் கருதுகிறோம்.

இவ்வம்மையார் 1985-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்தவுடனேயே, 2003-ல், ஓட்டத்தை ஜீவனத் தொழிலாக ஏற்றுக் கொண்டார். மறு வருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் 200 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற போது அவருக்கு வயது 18. 2012-ல் லண்டனில் அதே தூரத்தை 21.88 செகண்டில் ஓடித் தங்கம் பெற்றார். அங்கேயே தொடர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம்.

இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் என்பது கிடையாது. ஜெயித்தால் பரிசுப் பணம் உண்டு. மற்றபடி குடும்பம் நடப்பதெல்லாம் பெரும்பாலும் பூட்ஸ் கம்பெனிகள் கொடுக்கும் ஒப்பந்தப் பணத்தினால்தான். கம்பெனியின் பூட்ஸைப் போட்டுக் கொண்டு ஓட வேண்டும். விளம்பரத்திற்கு முகத்தைக் கொடுக்க வேண்டும். ஓடாமல் நின்றால் பணத்தை வெட்டிக் கொள்ளலாம் என்று ஷரத்து இருக்கும். கூலிக்காரன் நிலையிலிருந்து இது எந்த விதத்தில் வேறுபட்டது?

பெலிக்ஸ் அம்மையாருக்கு நைக் கம்பெனியுடன் இருந்த ஒப்பந்தம் 2017 கடைசியில் முடிந்தது. புது ஒப்பந்தம் பேசப்பட்டு வருகையில், 2018-ல், அவர் கர்ப்பமானார். அதை வெளியில் சொல்லப் பயந்து, யார் கண்ணிலும் படாமலிருக்கப் பொழுது விடியுமுன் இருட்டில் போய் ஓடிப் பழகினார். தோழர்களே! உலகமறிந்த ஒரு வீராங்கனை தன் வயிற்றுப் பிள்ளையைத் திருட்டுச் சொத்தைப் போல் மறைத்து வைக்க நேர்ந்ததென்றால், அது யாருக்கு வெட்கம்?

அந்த வருஷம் நவம்பரில், கர்ப்பத்தில் இரத்தக் கொதிப்பு ஏறித் தாயையும் பிள்ளையையும் கொல்லக் கூடிய வியாதி அவருக்கு உண்டாயிற்று. 32-வது வாரத்திலேயே டாக்டர்கள் வயிற்றைக் கீறிப் பெண் குழந்தையை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். அத்தேசத்தில் வெள்ளைக்கார ஸ்திரீகளைப் போல் சுமார் மூன்று பங்கு கறுப்பு ஸ்திரீகள் பிரசவத்தை ஒட்டிச் சாகிறார்கள் என்பதை இங்கு சொல்லாமல் விட முடியாது. 2016-ல் ரியோ நகரில் இவரோடு தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டோரி போவி என்ற அம்மையார், நிறை கர்ப்பிணியாய், 32 வயதில், 2023-ல் தன் வீட்டிலேயே இறந்து கிடந்தார்.

நிற்க, கம்பெனி சொன்னதென்ன? முன்பு கொடுத்ததில் 100-க்கு 70 பங்கு குறைத்துக் கொடுப்பதாகச் சொல்லிற்று. பெலிக்ஸ் அம்மையார் அந்தத் தொகையைக் கூடப் பெரிதாக்கவில்லை. பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் ஓட்டம் குறைந்தால் அதற்காகத் தன்னைத் தண்டிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டுமென்றார். கம்பெனி மறுத்து விட்டது. பெண்களின் பெருமையைப் பேசும் விளம்பரத்தை அதே கம்பெனி 2019 பிப்ரவரியில் ஊரெல்லாம் காட்டிக் கொண்டிருந்தது! மனுதர்மத்தை ஒரு வரி கூடப் படித்திராதவர்கள்தான் இந்தக் கம்பெனிக்காரர்கள். சாஸ்திரம் இல்லாவிட்டால் என்ன? கணக்குப் புஸ்தகமே போதுமாயிருக்கிறது.

"ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதிதானே, ஓடாதவருக்குப் பணமில்லை, இதில் அநியாயம் எங்கே?" என்று சில புத்திசாலிகள் கேட்கலாம். ஓட்டக்காரன் ஒருவன் தகப்பனாகிறான். அவனுக்கு ஒரு நாள் ஓட்டமாவது தடைப்படுகிறதா? பிள்ளை இருவருக்கும், கூலிக் குறைப்பு ஒருத்திக்கு மாத்திரம். நாரைக்கும் நரிக்கும் ஒரே தட்டில் கஞ்சி ஊற்றிச் சமத்துவம் பேசுகிற கதையாகவல்லவா இருக்கிறது!

இவ்வம்மையார் தெய்வ நம்பிக்கையுள்ளவர். தகப்பனார் கிறிஸ்தவப் போதகர். இதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவர் இந்த வழக்கை ஆண்டவனிடம் ஒப்படைத்து விட்டுச் சும்மா இருக்கவில்லை. 2019 மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் தன் பெயரைப் போட்டு எல்லாவற்றையும் எழுதினார். அலீசியா மொன்டானோ போன்ற வேறு ஓட்டக்காரிகளும் அதே மாதத்தில் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். ஆகஸ்டில் கம்பெனி இறங்கி வந்து, கர்ப்பத்தை ஒட்டிய 18 மாதத்திற்குப் பணத்தில் கை வைப்பதில்லை என்று ஒப்புக் கொண்டது.

பிள்ளை பெற்றவள் இனி ஓட மாட்டாள் என்று கணக்குப் போட்டவர்களுக்குப் பதிலும் கிடைத்தது. பிரசவமாகிப் பத்து மாதத்தில், தோஹா நகரில், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் தொடர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். அது உலகப் பந்தயங்களில் அவருடைய 12-வது தங்கம். உசைன் போல்ட் பெற்றிருந்தது 11. 2021-ல் டோக்கியோவில், 35 வயதில், 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் தங்கமும் பெற்ற போது ஒலிம்பிக் பதக்கங்கள் 11 ஆயின. அங்கே அவர் காலில் இருந்தது எந்த முதலாளியின் பூட்ஸும் அல்ல. தன் சகோதரருடன் சேர்ந்து அந்த வருஷம் அவரே ஆரம்பித்த கம்பெனியின் பூட்ஸ்.