டிபார்ட்மென்ட் செய்திமடலும் மக்காச்சோளக் கடிதமும்

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டு இருந்த விஷயம் இது. ஆணி அதிகம் (எங்க ஊர் ஆணி ஜெல் ஓட்டுறது, செல் வளர்க்குறது), அதனால தள்ளித் தள்ளிப் போயிடுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோட வந்து உக்காருங்க.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் முனைவர் பட்டத்துக்காகக் குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன்னு பழைய வாசகர்களுக்குத் தெரியும். எந்தப் பல்கலைன்னு மட்டும் கேக்காதீங்க. இன்னும் பட்டம் வாங்கணும் :-)

எங்க துறையில் செய்தி இரண்டு வழியா வரும். ஒண்ணு, அதிகாரப்பூர்வ செய்திமடல். வழவழன்னு, கலர் படத்தோட இருக்கும். இன்ன பேராசிரியருக்கு விருது, இன்ன லேப்புக்குப் பெரிய நிதி, இன்ன மாணவரின் கட்டுரை பெரிய இதழில் வந்திருக்கு, முன்னாள் மாணவர் ஒருத்தர் கம்பெனி ஆரம்பிச்சிருக்கார். எல்லாரும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு, கையில பிப்பெட்டோட சிரிப்பாங்க. (சத்தியமா சொல்றேன், எங்க மாடியில் போட்டோ எடுக்குற அன்னிக்குத்தான் அத்தனை வெள்ளைக் கோட்டை ஒண்ணாப் பார்க்க முடியும்.)

இரண்டாவது, துறையில் இருக்குற எல்லாருக்கும் போற மெயில். இதுல வர்ற செய்தியே வேற. "இரண்டாம் மாடி மைனஸ் எண்பது ஃப்ரீசர் அலாரம் அடிக்குது, யாருதுங்க அது?" "என்சைம் தீர்ந்து போச்சு, பத்து மைக்ரோலிட்டர் கிடைக்குமா, வியாழக்கிழமை திருப்பித் தர்றேன்." "ஆட்டோகிளேவ் ரிப்பேர், கீழ் மாடிக்குப் போங்க." "செமினார்ல மிஞ்சின பீட்சா காபி ரூம்ல இருக்கு." நம்மூர்ல பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு டம்ளர் சக்கரை கேக்குறோமே, அதேதான்.

என் கட்சி என்னன்னு இப்பவே சொல்லிடுறேன். ஒரு உயிரியல் துறையை உயிரோட வச்சிருக்கிறது இந்த இரண்டாவது வகைச் செய்திதான். முதல் வகை விளம்பரம். விளம்பரம் வேண்டாம்னு சொல்லலை. ஆனா விளம்பரத்தை மட்டுமே செய்தின்னு நினைக்கிற துறை, கஷ்டகாலம் வரும்போது தன் ஆளுங்களைக் கைவிட்டுடும்.

இது நான் கண்டுபிடிச்ச தத்துவம் இல்லை. உயிரியலில் பழைய வழக்கமே இதுதான். 1929-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரோலின்ஸ் எமர்சன், மக்காச்சோளத்தின் மரபியலை ஆராய்ஞ்சுக்கிட்டு இருந்த மத்தவங்களுக்கு ஒரு சுற்றுக் கடிதம் அனுப்பினார். எந்த ஜீன் எந்தத் தொகுதியில் இருக்குன்னு இதுவரைக்கும் தெரிஞ்சது இவ்வளவு, உங்க கிட்ட என்ன இருக்கு, யார் எதைப் பார்க்கப் போறீங்க என்கிற மாதிரி விஷயம். அச்சில் வந்த முடிவுகள் மட்டும் இல்லை, வராததும் சேர்த்து. அந்தக் கடிதம்தான் பின்னாடி மக்காச்சோள மரபியல் கூட்டுறவுச் செய்திமடலா வருஷா வருஷம் வந்தது. அந்தக் காலத்தில் எமர்சனைச் சுத்தி கார்னெல்லில் இருந்த இளைஞர்களில் பார்பரா மெக்ளின்டாக் உண்டு, ஜார்ஜ் பீடில் உண்டு. இரண்டு பேரும் பின்னாடி நோபல் வாங்கினவங்க.

ஈ ஆளுங்களும் அப்படித்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் 'ஈ அறை' பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. சின்ன ரூம், பால் பாட்டில்ல வளர்க்குற பழ ஈ, ஒருத்தர் முதுகு இன்னொருத்தர் மேல இடிக்குற அளவுக்கு மேசைங்க. அங்கதான் ஆல்ஃப்ரட் ஸ்டர்ட்டவன்ட் உலகத்தின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார். 1913-ல் அது வெளிவந்தது. அதைப் போட்டபோது அவர் இளங்கலை மாணவர். அந்த அறையில் வளர்ந்த கால்வின் பிரிட்ஜஸும், கூட மிலிஸ்லாவ் டெமரெக்கும் சேர்ந்து 1934-ல் டிராசோஃபிலா தகவல் மடலை ஆரம்பிச்சாங்க. எந்த லேப்ல எந்த ஈ வகை இருக்கு, எது செத்துப் போச்சு, எந்தத் தீனியில் நல்லா வளருது என்கிற மாதிரி சமாச்சாரங்கள். 1975-ல் புழு ஆராய்ச்சி ஆளுங்களும் 'புழு வளர்ப்போர் கெஜட்'னு ஒண்ணு தொடங்கினாங்க. பேரைப் பாருங்க, என்ன குசும்பு! அதுல வந்ததை எழுதினவர் அனுமதி இல்லாம மேற்கோள் காட்டக் கூடாது. நண்பர் சொன்ன தகவல் மாதிரிதான் வச்சுக்கணும்.

கவனிச்சீங்களா? இதெல்லாம் செய்திமடல்தான். ஆனா ஒண்ணுலயும் "நாங்க எவ்வளவு பெரிய ஆளு தெரியுமா" கிடையாது. "எங்க கிட்ட இது இருக்கு, உங்களுக்கு வேணுமா"ன்னுதான் இருக்கும்.

காகிதம்தான் வேணும்னும் இல்லை. கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் 1962-ல் புதுக் கட்டடத்துக்குப் போனபோது, மேக்ஸ் பெருட்ஸ் அங்க ஒரு கேன்டீன் இருந்தே ஆகணும்னு நின்னார். அவர் மனைவி கீசலாதான் அதை இருபது வருஷத்துக்கு மேல நடத்தினாங்க. காலைக் காபி, மதியச் சாப்பாடு, சாயங்கால டீ. அந்த மேசைகள்ல நடந்த பேச்சுக்கு அந்த ஆய்வகத்தின் வெற்றியில் பெரிய பங்கு உண்டுன்னு அங்க இருந்தவங்களே சொல்வாங்க. அத்தனை நோபல் வாங்கின இடத்தின் சரித்திரத்தில் ஒரு கேன்டீனுக்கு இடம் இருக்கு. நம்ம துறைகள்ல புதுக் கட்டடம் கட்டும்போது முதல்ல வெட்டுறது காபி ரூமைத்தான்.

சரி, இப்ப எதுக்கு இந்தப் பழங்கதைன்னு கேப்பீங்க. 2025-ஐ ஞாபகப்படுத்திப் பாருங்க.

2025 பிப்ரவரி 7 அன்னிக்கு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் ஒரு அறிவிப்பு விட்டது. ஆராய்ச்சி நிதியோட சேர்த்துக் கொடுக்குற மறைமுகச் செலவு இனிமே 15 சதவீதம்தான்னு. மறைமுகச் செலவுன்னா கரண்டு பில், கட்டடம், எலி வளர்க்குற இடம், கணக்கு பார்க்குற ஆபீஸ் எல்லாம். பல பல்கலைகளுக்கு 50 சதவீதத்துக்கு மேல வந்துக்கிட்டு இருந்த பணம். நீதிமன்றம் குறுக்கே வந்து நிறுத்திடுச்சு, ஆனா பயம் நிக்கலை. மார்ச்சில் மாசசூசெட்ஸ் பல்கலையின் சான் மருத்துவக் கல்லூரி, உயிர் மருத்துவ முனைவர் படிப்புக்குக் கொடுத்த சேர்க்கை வாய்ப்புகளைத் திரும்ப வாங்கிக்கிட்டது. ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவு திடீர்னு ரத்தாச்சு. எதுக்குன்னு நிறைய பேருக்குத் தெரியவே இல்லை. வழக்கு மேல வழக்கு போட்ட பிறகு, ஏப்ரல் 25 அன்னிக்குத்தான் பதிவுகளை மறுபடி உயிர்ப்பிக்கிறோம்னு அரசு கோர்ட்டில் சொன்னது.

அந்த மூணு மாசமும் எங்க துறைச் செய்திமடல்ல என்ன வந்ததுன்னு தேடிப் பார்த்தேன். இரண்டு விருது, ஒரு புது மைக்ரோஸ்கோப், ஒரு ஓய்வு விழா. அவ்வளவுதான்.

செய்தி இல்லாம இருந்துச்சான்னா, இல்லை. காரிடார் முழுக்க செய்திதான். "அடுத்த வருஷம் பாதிப் பேரைத்தான் எடுக்கப் போறாங்களாம்." "அந்த லேப் நிதி புதுப்பிக்கலையாம், டெக்னீஷியனைப் போகச் சொல்லிட்டாங்களாம்." எல்லாமே 'ஆம்'ல முடியுற செய்தி. அதுல பாதி உண்மை, பாதி கப்சா. எது எந்தப் பாதின்னு யாருக்கும் தெரியாது.

இங்கதான் என் கோபமே. வதந்தி எல்லாருக்கும் சமமாப் போய்ச் சேராது. துறைத் தலைவரோட சனிக்கிழமை சைக்கிள் ஓட்டப் போற மாணவனுக்கு உண்மை முதல்ல தெரிஞ்சிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீர் குடிக்கப் போறவங்களுக்கு அடுத்து தெரியும். மதுரையில் இருந்து வந்து ஆறு மாசமே ஆன முதலாமாண்டுப் பொண்ணுக்கு? அவ என்கிட்ட வந்து, "அக்கா, நம்ம ஸ்டைபண்டை நிறுத்திடுவாங்களா? அப்பா கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை"ன்னு கேட்டா. எனக்கும் தெரியலை. உண்மையில் அவளுக்கு அந்த வருஷம் முழுக்க வகுப்பெடுக்குற வேலை உறுதியா இருந்தது. அதைத் துறை ஆபீஸ்ல ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா போதும். மூணு வாரம் அவ தூங்காம இருந்திருக்க வேண்டாம்.

எங்களை மாதிரி விசாவுல இருக்குறவங்களுக்கு ஸ்டைபண்டுங்கிறது சம்பளம் மட்டும் இல்லை. அது நின்னா படிப்பு நிக்கும், படிப்பு நின்னா இந்த நாட்டில் இருக்கிற உரிமையும் நிக்கும். அதனால எங்களுக்குத்தான் கெட்ட செய்தி சீக்கிரம் வேணும். ஆனா எங்களுக்குத்தான் கடைசியா வருது.

மறுப்புகள் தெரியும். வரிசையாவே பார்த்துடலாம்.

"செய்திமடல் முன்னாள் மாணவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் போறது, அதுல அழுகையைப் போட முடியுமா?" நியாயம்தான். அதை அப்படியே விட்டுடுங்க. உள்ள இருக்குறவங்களுக்குத் தனியா ஒண்ணு இருக்கட்டும்கிறேன்.

"தலைவருக்கே தெரியாத விஷயத்தை அவர் எப்படிச் சொல்வார்?" 'இது தெரியும், இது தெரியாது, இது அடுத்த மாசம் தெரியும்'னு சொல்லலாமே. புயல் வரும்போது வானிலைக்காரங்க அதைத்தான் செய்யுறாங்க. கரையைக் கடக்குற இடம் துல்லியமாத் தெரியலைன்னு சும்மா இருந்துடுறாங்களா?

"முடிக்காத ஆராய்ச்சியை வெளிய சொன்னா எவனாவது சுட்டுடுவான்." இது கொஞ்சம் கனமான மறுப்பு. ஈ அறையிலயே இந்தப் பிரச்சினை இருந்திருக்கு. யார் யோசனை யாருதுங்கிறதுல தனக்கு உரிய பங்கு கிடைக்கலைன்னு ஹெர்மன் முல்லர் பின்னாடி வரைக்கும் மனக்குறையோட இருந்தார். ஆக, பகிர்ந்துக்கிறதுக்கு விலை உண்டு, ஒத்துக்குறேன். ஆனா நான் கேக்குறது உங்க பெரிய கண்டுபிடிப்பை இல்லை. வேலை செய்யாததை. அந்த ஆன்டிபாடி வேலை செய்யலைன்னு மூணு லேப் தனித்தனியா மூணு தடவை காசு கொடுத்துக் கத்துக்குதே, அதைத்தான்.

"இப்பதான் பயோஆர்க்கைவ் இருக்கே?" 2013-ல் இருந்து இருக்கு, ரொம்ப நல்ல விஷயம். ஆனா அதுலயும் முழுசா எழுதி முடிச்ச கட்டுரைதான் வரும். ஆட்டோகிளேவ் ரிப்பேர் அங்க வராது.

சரி, குறை சொல்லிட்டே போனா எப்படி? நான் கேக்குறது மூணே மூணு.

ஒண்ணு, மாசம் ஒரு தடவை துறைத் தலைவர் அரை மணி நேரம் எல்லாரையும் உக்கார வச்சுப் பணக் கணக்கு சொல்லணும். எத்தனை மாணவர்களுக்கு எது வரைக்கும் ஸ்டைபண்ட் உறுதி, எந்த வேலை போகுது, எது வருது. சொன்னதை எழுத்திலும் அனுப்பணும். ஆங்கிலம் வேகமாப் பேசினா பாதி பேருக்குப் புரியாது, அந்த அறையில் கை தூக்கிக் கேக்கவும் மாட்டாங்க.

இரண்டு, ஒரு பக்கம். எந்த லேப்ல என்ன இருக்கு, யார் எதைக் கடன் தரலாம், எது வேலை செய்யலை. எமர்சன் கடிதம் மாதிரி. அழகா இருக்கவே வேண்டாம்.

மூணு, அந்தச் செய்தியில் எல்லார் பேரும் வரணும். எங்க மாடியில் கண்ணாடிச் சாமான் கழுவித் தர்ற அம்மா ஓய்வு பெற்றபோது, சில மாணவர்களுக்கு அவங்க பேரே தெரியாது. அழுக்கு பீக்கரை சாயங்காலம் வெளிய வச்சா காலையில் சுத்தமா இருக்கும், அவ்வளவுதான் தெரியும். செய்திமடல்ல வந்த ஓய்வு விழா அவங்களோடது இல்லைங்கிறதைத் தனியாச் சொல்லணுமா?

நம்ம பக்கமும் ஒண்ணு சொல்லியாகணும். தமிழ்ப் பிள்ளைங்க நாம சனிக்கிழமை ஒருத்தர் வீட்டில் சாம்பார் வச்சு, படம் பார்த்து, நமக்குள்ளயே பேசிக்கிறோம். அது தப்பில்லை, அது இல்லைன்னா பைத்தியம் பிடிச்சிடும். ஆனா துறை காபி ரூமில் வாரம் ஒரு நாள் பத்து நிமிஷம் நிக்கிறதும் வேலையில் சேர்ந்ததுதான். கூச்சமா இருந்தா ஒரு டப்பா முறுக்கு எடுத்துட்டுப் போங்க. காரிடாரில் ரெண்டு வருஷமா 'ஹாய்'க்கு மேல பேசாதவன்கூட அதுக்குப் பக்கத்தில் வந்து நிப்பான், அனுபவத்தில் சொல்றேன் :-) பெரியவங்க சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்காம, முதலாமாண்டுப் பிள்ளைங்களுக்கு நமக்குத் தெரிஞ்சதை நாமளே சொல்லவும் ஆரம்பிக்கலாம். எங்க துறையில் நாலு பேர் சேர்ந்து, ஸ்டைபண்ட் விதி, விசா ஆபீஸ் நேரம், எந்தக் கைடு கிட்ட எந்த நிதி எப்ப முடியுதுங்கிற வரைக்கும் ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கோம். புதுசா வர்றவங்களுக்கு முதல் வாரமே கையில் கொடுத்துடுவோம்.

ஜெர்மனி, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா பக்கம் லேப்ல இருக்கிற பதிவர்களே, உங்க துறையில் கெட்ட செய்தி எப்படி வருது? தலைவர் சொல்றாரா, காரிடார் சொல்லுதா? பின்னூட்டத்தில் எழுதுங்க.

டிஸ்கி: இந்தப் பதிவு எழுதும்போது எங்க மாடி ஃப்ரீசர் மறுபடி அலாரம் அடிச்சது. மெயில் வந்து இரண்டு நிமிஷத்தில் நாலு பேர் ஓடிட்டாங்க. அதுல இரண்டு பேருக்கு அந்த ஃப்ரீசர்ல ஒரு ட்யூப்கூடக் கிடையாது.